பச்சைப் பொட்டு வைத்த ஒன்பது ஆட்டோக்கள்

அந்த யோசனை எனக்கு வந்தபோது என் கையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் தெரு திரும்புகிற முனையில் ஒரு ஆட்டோ ஸ்டாண்ட் உண்டு. கொரோனா வந்த முதல் வருஷம், ஆடி மாதம். கிரிவலத்துக்குத் தடை. வெளிநாட்டுக்காரர்கள் ஒருவரும் இல்லை. இருபத்திரண்டு ஆட்டோக்கள் வரிசையாகத் தூசி படிந்து நின்றன. அதில் ஒன்று என் சித்தப்பாவுடையது.

அவருக்கு அதற்கு முந்தின மாதம் காய்ச்சல் வந்தது. சோதனையில் கொரோனா என்று உறுதியாகி, ஒரு கல்லூரி விடுதியில் பதினாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நான் அப்போதுதான் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்திருந்தேன். எம்.எஸ்ஸி. வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்க என்னால் முடியாது. சித்தி கட்டிக்கொடுக்கிற சோற்றை மத்தியானம் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவதையே ஒரு உத்தியோகமாக வைத்திருந்தேன்.

அன்று அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தார். வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது, ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார்கள், யாராவது பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் போனைப் பார்த்தார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. எல்லார் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன. சித்தப்பாதான் எழுந்தார்.

"எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே. நான் போறேன்."

ஆட்டோ கிளம்பிப் போனது. நான் கேரியரோடு அங்கேயே நின்றேன். ஏழாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டிருந்தது ஞாபகம் வந்தது. வீட்டில் யாரையும் அறைக்குள் விடவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோனதால் அவர்தான் உள்ளே வந்து இளநீர் கொடுப்பார், வேப்பிலைக் கொத்தால் முதுகைத் தடவிவிடுவார். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அம்மை வந்துபோனவர்தான் அம்மை போட்டவரைப் பார்த்துக்கொள்வார். அதையே இங்கேயும் செய்தால் என்ன? வந்துபோனவர்கள் மட்டும் நோயாளி சவாரிக்குப் போகட்டும், மற்றவர்கள் ஒதுங்கி இருக்கட்டும். சோறு ஆறிப்போனது.

சித்தப்பா திரும்பி வந்து ஆட்டோவைக் கழுவி முடிப்பதற்குள் நான் ஒரு பட்டியல் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு பேரில் சோதனையில் உறுதியாகி, குணமாகித் திரும்பியவர்கள் ஒன்பது பேர். ஸ்டாண்டில் சவாரி முறை எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. அதில் ஒன்பது வண்டி எண்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சைச் சாக்பீஸால் ஒரு பொட்டு வைத்தேன்.

அவர்களுக்கு விளக்கம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அம்மை மாதிரி என்றதுமே எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. உடம்புக்குள் ஒரு காவல்காரர் இருக்கிறார், ஒருதடவை திருடன் முகத்தைப் பார்த்துவிட்டால் மறக்கமாட்டார், அடுத்த தடவை வாசலிலேயே பிடித்துவிடுவார் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். ஸ்டாண்டுக்குத் தலைவராக இருந்தவர் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்போ இந்த ஒம்போது பேருக்கும் இனிமே சாவே கிடையாதா, டாக்டரம்மா?"

"கொரோனாவால கிடையாது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பட்டியல் நன்றாகவே வேலை செய்தது. அதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம். அந்த நாலைந்து மாதத்தில் ஒன்பது பேரும் முறை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒருவருக்கும் மறுபடி காய்ச்சல் வரவில்லை. மற்ற பதின்மூன்று பேரிலும் யாருக்கும் சவாரி வழியாக ஒட்டவில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேங்கிக்காலிலிருந்துகூட போன் போட்டு, "பொட்டு வண்டி இருந்தா அனுப்புங்க" என்று கேட்டார்கள். சாக்பீஸ் மழையில் அழிகிறது என்று தலைவர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவரைக் கூட்டிவந்து, அந்த ஒன்பது எண்களையும் பொட்டுகளையும் எனாமல் பெயிண்டால் எழுதவைத்தார். ஒன்பது ஆட்டோக்களின் முன்கண்ணாடியிலும் இடது மூலையில் அதே பச்சையில் ஒரு பொட்டு. நான் பக்கத்திலேயே நின்று, பொட்டு வட்டமாக வருகிறதா என்று பார்த்தேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். தேதி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அழிக்க முடியாத பெயிண்டில் எழுதலாமா என்றும் தோன்றவில்லை.

அந்த வருஷக் கார்த்திகைத் தீபத்துக்கு வெளியூர்க்காரர்கள் வரக்கூடாது என்று ஊரைச் சுற்றித் தடுப்பு வைத்தார்கள். மெயின் ரோடெல்லாம் மூங்கிலும் தகரமும். அன்று சித்தப்பா ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு, எந்தெந்தச் சந்தில் எல்லாமோ நுழைந்து, தடுப்பு ஒன்றைக்கூடத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மறுநாள் ஸ்டாண்டில் அதையே பேசிக்கொண்டிருந்தார். அவர் பெரிய பேச்சுக்காரர். ஓட்டும்போதே பாதி திரும்பி உட்கார்ந்து, பின்னால் இருக்கிறவர் மொழி தெரியாத வெள்ளைக்காரராக இருந்தாலும் அருணை மலைக்கும் தன் மாமியாருக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லிக்கொண்டே போவார்.

"ரோடு தொறந்திருக்கிற அன்னிக்கு சந்து தெரிஞ்சவனை எவனும் மதிக்கமாட்டான்" என்றார் சித்தப்பா. "ஸ்பீடா போறவனுக்குத்தான் மவுசு ஜாஸ்தி. தடுப்பு போட்டாம்பாரு, அன்னிக்குதான் நம்ம ஆளு ராஜா."

"போலீஸ்காரரே உனக்காகத்தான் தடுப்பு போட்டாரா?" என்று தலைவர் கிண்டல் செய்தார்.

நான் ரசித்துக் கேட்டேன். அவ்வளவுதான். நான் படித்த படிப்பின் பாதி அந்த வார்த்தையில் இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தை போய் மாசி பிறந்த சமயம். வகுப்புக்கு நடுவே போனில் ஒரு கட்டுரையைப் படித்தேன். கடல் தாண்டி எங்கேயோ ஒரு ஊர். முதல் அலையிலேயே அங்கே ஏகப்பட்ட பேருக்கு வந்துபோயிருந்ததாம், இனி வராது என்று இருந்தார்களாம். ஆனால் மறுபடி வந்துவிட்டது. வந்தது உருமாறின கிருமி. ஒருதடவை வந்தவர்களுக்கே மறுபடி வருகிறதோ என்று சந்தேகப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு என்று நினைத்தேன். இன்னும் உறுதியாகவில்லையே என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் பலகை தப்பாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஸ்டாண்டுக்கு நாற்பது எட்டு எடுத்து வைத்தால் போதும். நான் போகவில்லை. கட்டுரையைத் தள்ளிவிட்டு வேறு எதையோ பார்த்தேன்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பங்குனியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு. சித்தப்பாவுக்கு நாற்பத்தாறு, சித்திக்கு நாற்பத்தைந்து முடிந்திருந்தது. சித்தி விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்று இரண்டு டோக்கன் வாங்கிவந்தார். ஊசி குறைவாக இருந்தது, டோக்கன் கிடைக்காமல் நிறையப் பேர் திரும்பிப் போனார்கள். நான் பெரிய நியாயக்காரி மாதிரி குறுக்கே போனேன்.

"சித்தப்பாவுக்கு என்ன அவசரம் சித்தி? அவருக்கு ஏற்கெனவே ஊசி போட்ட மாதிரிதான். அந்த டோக்கனை இன்னும் கொரோனா வராதவங்க யாருக்காவது குடுங்க."

சித்திக்கு மனசில்லை. "அவருக்கும் போட்டுட்டா எனக்கு ஒரு நிம்மதிம்மா" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்லுது, விடு" என்றார். அந்த டோக்கன் எதிர்வீட்டுக்காரருக்குப் போனது.

சித்திரை கடைசியில் ஊர் மாறிவிட்டது. முதல் வருஷம் மாதிரி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு போன் வந்த இடத்தில் பத்து போன் வந்தது. பொட்டு வண்டிகள் ஓயவில்லை. பொட்டு இருக்கிற தைரியத்தில் ஒன்பது பேரும் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். பேச்சுக்காரர் எப்படி மூடிக்கொண்டு ஓட்டுவார்? பின்னால் மூச்சுக்குத் தவிக்கிறவருக்குத் தைரியம் சொல்ல, பாதி திரும்பி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்.

ஒரு வாரத்துக்குள் ஒன்பதில் நாலு பேருக்கு மறுபடி காய்ச்சல். மூன்று பேருக்கு நாலைந்து நாள் உடம்பு வலியோடு போய்விட்டது. நாலாவது ஆள் சித்தப்பா. ஏழாம் நாள் படியேற முடியவில்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பொட்டு இல்லாத ஒரு வண்டி, தலைவரே ஓட்டினார். நான் பின்னால் சித்தப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடியின் வெறும் மூலையையே பார்த்துக்கொண்டு போனேன்.

இருபத்தாறு நாள் உள்ளே இருந்தார். சித்தி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் சாப்பாடு கொண்டுபோவேன். மறுபடியும் அதே கேரியர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். டோக்கனைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

சித்தப்பா பிழைத்து வந்தார். நுரையீரலில் வடு விழுந்துவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பட்டியல் போட்டது என் தப்பு என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நீ இன்னாம்மா பண்ணுவ. மொதல்ல வந்தவன் வேற. இவன் வேற ஆளு. யாருக்குத் தெரியும்."

யாருக்குத் தெரியும் என்றாரே, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும் சித்தப்பா, மாசியிலேயே படித்தேன், வேற ஆள் வரலாம் என்று எழுதியிருந்தது, நான் நாற்பது எட்டு நடந்து வந்து சொல்லவில்லை என்று. சொல்லவில்லை. அவர் மன்னித்தது என் பட்டியலை. நான் மறைத்தது அவருக்குத் தெரியாது. மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வருஷம் கிரிவலத்துக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. அந்த முதல் பௌர்ணமியன்று சாயங்காலம் சித்தப்பா என்னைப் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டிவந்தார். இப்போது அவர் நேராக உட்கார்ந்துதான் ஓட்டுகிறார். ஓட்டிக்கொண்டே பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் பேசுவதில்லை. பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அவர் ஒரு அமைதியான டிரைவர். கிரிவலக் கூட்டத்துக்காக மெயின் ரோட்டில் தடுப்பு. வேகமாகப் போகிற புது வண்டிகள் எல்லாம் அங்கே முட்டிக்கொண்டு நின்றன. சித்தப்பா ஒரு சந்தில் திருப்பினார். எங்களுக்கு முன்னும் பின்னும் அந்தச் சந்தில் ஆறேழு ஆட்டோக்கள், எல்லாம் பழைய வண்டிகள். அங்கேதான் எனக்கு உறைத்தது.

வகுப்பில் இதைப் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் அந்தச் சந்தில்தான் புரிந்தது. கிருமி தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை செய்கிறது. எந்த நோக்கமும் இல்லாத பிழை. பெரும்பாலும் உதவாத பிழை. யாருக்கும் எதிர்ப்பு இல்லாத காலத்தில் ரோடு திறந்து கிடக்கிறது. வேகமாகப் பரவுகிற வகைதான் ஜெயிக்கும். காவல்காரருக்கு அடையாளம் தெரியாதபடி முகம் கொஞ்சம் மாறிய வகை ஒன்று அப்போதே எங்காவது இருந்தாலும் அதற்கு ஒரு லாபமும் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு எதிர்ப்பு வந்த பிறகு ரோட்டில் தடுப்பு விழுகிறது. அன்றைக்கு சந்து தெரிந்த வகை முன்னால் வந்துவிடும். சந்து கண்டுபிடிக்க அது கிளம்பிப் போனதில்லை. மற்றவை நின்றுவிட்டன, அது நிற்கவில்லை, அவ்வளவுதான். வேகமும் கூடச் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சித்திரையில் எங்கள் ஊருக்கு வந்தது அப்படித்தான்.

அம்மைக் கிருமி அந்த அளவுக்கு முகம் மாற்றுவதில்லை. அதனால் எங்கள் வீடுகளின் வழக்கம் அம்மைக்குச் சரி. நான் அந்த வழக்கத்தை எடுத்து, ஓயாமல் முகம் மாற்றுகிற ஒன்றின்மேல் எனாமல் பெயிண்டால் எழுதிவிட்டேன். நோய் நம்மை மாற்றுகிறது என்பதை ஸ்டாண்டுக்கு எடுத்துச் சொன்னேன். நம்முடைய மாற்றம் நோயையும் மாற்றும் என்பதைச் சொல்லவில்லை. போதாததற்கு, காவல்காரருக்கும் மாதம் போகப் போகக் கண் மங்கும்.

சித்தப்பாவுக்கு நடந்தது இதில் எதனால் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. முகம் மாறியதாலா, பத்து மாதத்தில் எதிர்ப்பு குறைந்ததாலா, நாள் முழுக்க நோயாளிகளின் மூச்சுக்கு முன்னால் உட்கார்ந்ததாலா, தெரியாது. அந்த மூன்று பேருக்கு லேசாகப் போனதற்கு முதல் தடவை வந்ததே உதவியிருக்கலாம். அதற்கப்புறம் வந்த இன்னொரு உருமாறின அலையில், ஊசி போட்டவர், வந்துபோனவர் என்று பார்க்காமல் ஸ்டாண்டில் முக்கால்வாசிப் பேருக்கு வந்தது. ஆனால் ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வாசலில் இருந்த காவல்காரர் ஏமாந்தாலும், வீட்டுக்குள் இருந்த மற்ற காவல்காரர்களுக்கு ஞாபகம் இருந்தது. கிருமி சாதுவாகிவிட்டது என்று தலைவர் சொல்கிறார். கிருமிக்கு இரக்கம் வந்துவிட்டது மாதிரி அதைச் சொல்கிறார். பாதி நம் உடம்பு கற்றுக்கொண்டது என்று நான் சொல்வேன், ஆனால் இப்போதெல்லாம் அந்த ஸ்டாண்டில் நான் அதிகம் பேசுவதில்லை.

பலகை இன்னும் இருக்கிறது. பெயிண்ட் வெளிறியிருக்கிறதே தவிர அழியவில்லை. போன வாரம் அதை அழித்துவிடலாமா என்று தலைவரிடம் கேட்டேன்.

"எதுக்கும்மா? இருந்துட்டுப் போவட்டும்" என்றார். "அந்த நேரத்துல எவனும் வராதப்ப நாங்க போனோம். அது எங்க கௌரவம்."

அவர் சொல்வதும் சரிதான். அவர்கள் போனது நிஜம். அந்தப் பெண் செருப்பில்லாமல் ஓடிவந்தபோது சித்தப்பா எழுந்ததும் நிஜம். அவர் என் பட்டியலைக் கேட்டு எழவில்லை. அதனால் எண்களை விட்டுவிடலாம், பொட்டுகளை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்று கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். உப்புத்தாள் ஆறு வாங்கி வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்க்கப் போகிறேன். எண்களுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுவேன்: கடைசியாக வந்தது எப்போது, கடைசியாக ஊசி போட்டது எப்போது. எல்லாம் சாக்பீஸில். மழை அழித்தால் மறுபடி கேட்டு எழுத வேண்டியிருக்கும், அது நல்லதுதான். அடுத்து ஏதாவது வந்தால், அது எந்த மாதிரி ஆள் என்று தெரிகிறவரை ஒன்பது பேரும் மூக்கை மூடித்தான் ஓட்டவேண்டும் என்றும் மேலே எழுதுவேன்.

சித்தப்பாவின் எண் பட்டியலில் முதலில் இருக்கிறது. அவருடைய இரண்டு கட்டங்களை நிரப்ப அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது மாசியில் படித்ததையும் சொல்லிவிடப் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை. வாசலிலிருந்து நாற்பது எட்டு இருக்கிறது. நடந்துகொண்டே யோசிக்கலாம் என்று இருக்கிறேன்.